உருண்டு ஓய்ந்த பிறகு

டோக்கியோவின் தெற்கு ஓரத்தில், ஓட்டா வட்டத்தில், நிஷி-ரோகுகோ என்றொரு பூங்கா இருக்கிறது. 1969இல் திறக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது 'டயர் பூங்கா'. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் வீடுகள், நடுவில் மணல் தரையும் சுமார் 3000 பழைய டயர்களும். டயர் மேல் டயராக அடுக்கி எழுப்பிய ராட்சத விலங்கு ஒன்று, ஜப்பானியப் படங்களில் ஊரையே மிதித்துத் துவைக்குமே அந்த ஜாதி, பூங்காவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஊஞ்சல், பாலம், ஏறிக் குதிக்கும் படிகள் எல்லாமே டயர். சரிவான கான்கிரீட் மேட்டில் டயரையே வண்டியாக்கிச் சறுக்கி வருகிறார்கள். அழுக்கானால் பரவாயில்லை என்ற உடுப்போடு வாருங்கள் என்று பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற பூங்கா அது.

இப்படிப்பட்ட பூங்காக்களைப் பற்றிய செய்திகளில் 'கழிவு குறைந்தது' என்ற வரி தவறாமல் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டயர்கள் ஓடி ஓய்கின்றன. ஒரு பூங்கா 3000 டயரை விழுங்கினால் அந்த மலையில் ஒரு பிடி மண் குறைந்த கணக்குக்கூட ஆகாது. அதுவும், இப்போதைக்குத்தான். பூங்காவின் டயரும் ஒரு நாள் வெளியேறித்தான் ஆக வேண்டும். டயரைப் பூங்காவில் வைக்க வேறு காரணம் உண்டு. இவ்வளவு வளைந்து கொடுத்து, இவ்வளவு எடை தாங்கி, வெயில் மழைக்கு அசையாமல் நிற்கும் ஒரு பொருளைப் புதிதாகச் செய்து தரச் சொன்னால் எந்த நகராட்சியின் பணப்பெட்டியும் தாங்காது. தெருமுனைப் பஞ்சர் கடையிலோ அது சும்மா கிடக்கிறது.

அது ஏன் அப்படி உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள ரப்பர் பாலிலிருந்து தொடங்க வேண்டும். மரத்தில் வடியும் பாலில் இருப்பவை ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலிகள். இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். சிக்கல்தான், முடிச்சு கிடையாது. அதனால் பச்சை ரப்பர் வெயிலில் குழைந்து ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1830களில் அமெரிக்காவில் ரப்பர் காலணி விற்றவர்கள் கோடை வெயிலால் திவாலானார்கள். அந்த வீழ்ச்சியின் நடுவில் பிடிவாதமாக ரப்பரைக் கட்டிக்கொண்டு அழுதவர் சார்லஸ் குட்இயர். 1839இல், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல்போல் கருகி நின்றதைக் கவனித்தார். சங்கிலிகளுக்கிடையே கந்தக அணுக்கள் பாலம் போட்டிருந்தன. சிக்கல் முடிச்சாகிவிட்டது. (அவர் 1860இல் கடனாளியாகச் செத்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 38 ஆண்டு கழித்து வேறு ஒருவர் தொடங்கியது. குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இந்தப் பாலங்கள் டயர் முழுக்க ஊடுருவி ஓடுகின்றன. கண்டிப்பாகப் பார்த்தால், ஒரு டயரில் உள்ள ரப்பர் முழுவதும் ஒரே மூலக்கூறு என்று சொல்லலாம். கையால் தூக்கி, உருட்டி, ஊஞ்சலாகக் கட்டக்கூடிய மூலக்கூறு. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் வார்க்கலாம். டயரை உருக்க முடியாது. சூடேற்றினால் ஒரு கட்டத்தில் சிதையுமே தவிர இளகாது. கந்தகப் பாலத்தை மட்டும் அறுத்து ரப்பர் சங்கிலியைப் பழுதில்லாமல் மீட்கலாமே என்று நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக முயல்கிறார்கள். இரண்டையும் உடைக்கத் தேவையான ஆற்றல் அதிகம் விலகி இல்லை என்பதால், பாலம் அறுபடும்போது சங்கிலியும் சேர்ந்தே அறுபடுகிறது. குப்பைமேட்டில் டயரைச் சாகவிடாத குணம் இதுதான். பூங்காவில் அரை நூற்றாண்டு நிற்க வைப்பதும் இதே குணம்தான்.

ரப்பர் இழுத்தால் ஏன் திரும்புகிறது என்பதையும் பார்த்துவிடலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை மேலுதட்டில் ஒட்ட வைத்துக்கொண்டு வெடுக்கென்று இழுங்கள். வெதுவெதுப்பு தெரியும். இழுத்த நிலையில் சில நொடிகள் பிடித்திருந்து, தளரவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்றிருக்கும். பார்வையிழந்த ஆங்கில அறிஞர் ஜான் காஃப் 1805இலேயே இதை எழுதி வைத்தார். இரும்புச் சுருளில் அணுக்களுக்கிடையேயான பிணைப்பு நீள்கிறது, அது மீள விரும்புகிறது. ரப்பரில் நடப்பது வேறு. தளர்ந்த சங்கிலி கோடிக்கணக்கான விதங்களில் சுருண்டு கிடக்கலாம். இழுத்து நேராக்கினால் அதற்கு மிஞ்சும் வழிகள் கொஞ்சம். விட்டதும் அது பழைய தாறுமாறுக்குத் திரும்புகிறது. டயர் ரப்பரில் கரித்தூள் ஏராளமாகக் கலந்திருப்பதால் இந்தத் திரும்பல் முழுமையாக நடப்பதில்லை. கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு உள்ளேயே வெப்பமாகிக் கரைகிறது. டயர் மேல் குதிக்கும் பிள்ளை துள்ளும், ஆனால் தூக்கியெறியப்படாது. பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான குணத்தைக் கேட்டு வாங்க முடியாது.

இனி, ஒரு பூங்காவைப் புதுப்பிக்கிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு: டயரை முழுசாக வைப்பதா, நறுக்குவதா?

நறுக்குவது என்றால், இயந்திரத்தில் அரைத்து, கம்பியைக் காந்தத்தால் பிரித்து, துகளைப் பசையோடு கலந்து தரையாகப் போடுவது. பூங்காக்களில் ஊஞ்சலுக்குக் கீழே சிவப்பும் பச்சையுமாக மெத்தென்று கால் அமுங்கும் தரை அந்த வகை. பசை இல்லாமல் வெறும் துகளையே கொட்டிப் பரப்புவதும் உண்டு. செயற்கைப் புல் மைதானங்களில் இழைகளுக்கு நடுவே கறுப்பாக உருள்வது அதுதான்.

துகளை விரும்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பிள்ளைகள் விழுவார்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் உயிர் விஷயம். கான்கிரீட்டில் 2 மில்லிமீட்டரில் நின்றால் தலை அனுபவிக்கும் விசை புவியீர்ப்பைப்போல் சராசரியாக 1000 மடங்கு. 2 சென்டிமீட்டரில் நின்றால் 100 மடங்கு. 10 சென்டிமீட்டர் அமுங்கும் தரையில் வெறும் 20 மடங்கு. உச்ச விசை 200 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டுத் தரைகளுக்குச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் கோடு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு இதை நேரடியாக அடுக்குக் கணக்காகவே தருகிறது: 15 சென்டிமீட்டர் ரப்பர்த் துகள் 3 மீட்டர் உயர வீழ்ச்சியைத் தாங்கும். மணலாக இருந்தால் 23 சென்டிமீட்டர் போட்டும் 1.2 மீட்டருக்குத்தான் பயன். மரச்சீவல் 23 சென்டிமீட்டருக்கு 3 மீட்டர். ரப்பர் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ரப்பரை ஒரே கனசதுரமாக எடுத்தால் பக்கம் 10 சென்டிமீட்டர், மொத்த மேற்பரப்பு 0.06 சதுர மீட்டர். அதையே 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 1,25,000 துண்டுகள், மேற்பரப்பு 3 சதுர மீட்டர். 50 மடங்கு. டயரிலிருந்து எது வெளியேறினாலும் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற முடியும். ரப்பரை வேகவைக்க உதவிய துத்தநாகம், பிசைவதற்குச் சேர்த்த எண்ணெய், முதுமை தடுக்கும் ரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் கதவு அதுவே. நறுக்கும்போது நாம் செய்வது கதவுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது.

கதவு வழியாக வெளியேறுவது என்ன செய்யும் என்பதற்கு ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில், சியாட்டில் வட்டாரத்தில், கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பும். பெரிய மழை பெய்ததும், முட்டையிடும் முன்பே, கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கும். பல ஆண்டுகளாகக் காரணம் பிடிபடவில்லை. சாலையில் வழிந்த நீரில்தான் விஷம் என்று தெரிந்தது, எந்த விஷம் என்று தெரியவில்லை. 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் ஆளைப் பிடித்தார்கள். டயர் ரப்பர் ஓசோன் பட்டு வெடிக்காமலிருக்க 6-பிபிடி என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ரப்பருக்கு முன் தான் ஓசோனோடு வினைபுரிந்து பலியாகும். பலியான பின் அது மாறும் வடிவம்தான், 6-பிபிடி குயினோன், அந்த மீன்களைக் கொன்றது. சாலையில் தேய்ந்து உதிர்ந்த நுண்ணிய டயர்த் தூள் அதைச் சுமந்து ஓடைக்குப் போயிருந்தது.

இதைச் சொன்னதும் பூங்காவையே இழுத்து மூட வேண்டாம். செயற்கைப் புல் துகளால் புற்றுநோய் வருமோ என்ற பயம் நெதர்லாந்தில் பெரிதாக எழுந்தபோது, அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் 100 மைதானங்களை ஆராய்ந்து, விளையாடுவோருக்கான ஆபத்து அநேகமாக இல்லை என்றே சொன்னது. ஆனால் துகள் மைதானத்தில் நிற்பதில்லை. காலணியில், காலுறையில், மழைநீர் வடிகாலில் ஏறிப் போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் தடையில் இந்த நிரப்புத் துகளும் சேர்க்கப்பட்டது. மாற்றிக்கொள்ள 8 ஆண்டு அவகாசம். நாம் இப்போதுதான் ஆசையாகப் போட ஆரம்பித்திருக்கிறோம்.

என் கட்சி இது: பூங்காவில் டயர் முழுசாக இருக்கட்டும். உருளாமல் நிற்கும் டயர் தேய்வதில்லை, தூளும் உதிர்வதில்லை. விழும் இடத்துக்கு மணலோ மரச்சீவலோ போதும், சாதனங்களின் உயரத்தைத்தான் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வெட்டிய மரக்கிளைகளை லாரியில் ஏற்றிக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பும் மாநகராட்சி அதைச் சீவிப் பூங்காவில் கொட்டலாம். நம் மழைக்கும் கரையானுக்கும் சீக்கிரம் மக்கிவிடும், மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் வேலை, வருடம் தோறும்.

முழு டயருக்கு வேறொரு வில்லன் உண்டு. அது கொசு.

டயரை எப்படிப் போட்டாலும், படுக்கப் போட்டாலும் நிமிர்த்தி வைத்தாலும், அதன் உள்வளைவில் எங்காவது தண்ணீர் நிற்கும். கொட்டினாலும் முழுசாக வராது, ஒரு டம்ளர் தங்கிவிடும். உள்ளே இருட்டு, கதகதப்பு, மக்கிய இலை. ஏடிஸ் கொசு இதைவிட நல்ல பிரசவ அறையைக் கேட்காது. டெங்கு பரவும் மாதங்களில் மாநகராட்சிப் பணியாளர்கள் நேரே பஞ்சர் கடைக்கும், கூரைத் தகரம் பறக்காமலிருக்க மேலே போட்டு வைத்த டயருக்கும் போவது இதனால்தான். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் மட்டம் ஏறியதும் பொரிக்கும். ஆசியப் புலிக் கொசு 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியது இப்படித்தான், ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களுக்குள். காய்ந்த டயர் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

ஆகவே பூங்காவுக்கு வரும் டயரில் ஓட்டை போடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, வருவதற்கு முன்பே உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது.

ஓட்டை எங்கே போடுவது என்பதில்தான் டயரின் உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படியுங்கள். எண்களுக்கு நடுவில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல். தரையைத் தொடும் பட்டன் இருக்கும் பகுதிக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பி வலை ஓடும். அங்கே துளைத்தால் அல்லது அறுத்தால் ஊசிபோல் கம்பிகள் நீட்டிக்கொள்ளும், துருப்பிடிக்கும், பிள்ளை கையைக் கிழிக்கும். கார் ரேடியலில் பக்கச்சுவரில் நூலிழைதான், அங்கே துளைக்கலாம். லாரி ரேடியலில் பக்கச்சுவரிலும் கம்பி இருக்கும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. எழுத்துக்குப் பதில் சிறு கோடு மட்டும் இருந்தால் பழைய நைலான் டயர். ரிம்மில் பொருந்தும் ஓரத்துக் கம்பி வளையத்தைத் தவிர உள்ளே எங்கும் இரும்பு இல்லை. எங்கு வேண்டுமானாலும் துளைக்கலாம், அறுக்கலாம். நம் ஊர் லாரிகள் நெடுங்காலம் நைலானில் ஓடியதால் இவை இன்னும் கிடைக்கின்றன. பூங்கா வேலை தெரிந்தவர்கள் இவற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

துளைக்கும்போதும் ரப்பர் தன் குணத்தைக் காட்டும். 12 மில்லிமீட்டர் டிரில் பிட்டை இறக்கி எடுத்தால், பிட் போனபின் வாய் சுருங்கி அதைவிடச் சின்ன ஓட்டைதான் மிஞ்சும். ஒரு புளிய இலை போதும் அதை அடைக்க. வட்டமாக அறுத்தெடுக்கும் கட்டரைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, விரல் நுழையும் அளவுக்கு எடுக்க வேண்டும். நிமிர்த்திப் பாதி புதைக்கும் டயருக்கு ஓட்டையே வேண்டாம். அடிப்பகுதியில் ஜல்லியும் மண்ணும் தரைமட்டம் வரை கெட்டித்துவிட்டால் தண்ணீருக்கு இடமே இருக்காது.

மண் கெட்டித்த டயருக்கு வேறு வாழ்க்கையும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தாவோஸில், மைக்கேல் ரெனால்ட்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் 1970களிலிருந்து டயருக்குள் மண்ணை அடித்து இறுக்கி, அதையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டுகிறார். ஒரு டயர் 130 கிலோவுக்கு மேல் மண் வாங்கும். இறுகிய மண் வெளியே தள்ளும், எஃகு வளையமும் ரப்பரும் விடாமல் பிடிக்கும். மேடு பள்ளமான பூங்காவில் சரிவைத் தாங்க, உட்காரப் படி கட்ட, இந்த உத்திக்கு ஈடு குறைவு. சம்மட்டி பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பூங்காவில் டயர் தோற்பது அபூர்வம். தோற்பது அதைப் பிடித்திருக்கும் போல்ட். இதை மிகப் பெரிய செலவில் கற்றுக்கொடுத்த இடம் ஃபுளோரிடாவின் ஆஸ்போர்ன் பாறைத்திட்டு. 1970களின் தொடக்கத்தில், மீன்கள் வந்து குடியேறட்டும் என்று ஃபோர்ட் லாடர்டேல் கடலடியில் 20 லட்சம் வரை டயர்களைக் கட்டுக் கட்டாக இறக்கினார்கள். தொடக்க விழாவில் குட்இயர் நிறுவனத்தின் வான்கப்பல் தங்க நிறம் பூசிய டயரைக் கடலில் போட்டது. உப்புநீரில் எஃகுப் பிடிப்புகள் அரித்தன, நைலான் கட்டுகள் அறுந்தன. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. அவிழ்ந்த டயர்கள் புயல் அடிக்கும்போதெல்லாம் உருண்டு போய் அருகிலிருந்த உயிருள்ள பவளப் பாறைகளை இடித்து நொறுக்கின. 2007 முதல் ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்கி அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் டயர் ஊஞ்சலுக்குச் சாதாரண இரும்பு போல்ட் போடுகிறவர் இதே பாடத்தைச் சின்ன அளவில் நடத்துகிறார். ஸ்டெயின்லெஸ் போல்ட், அகலமான வாஷர், இரண்டு நட்டு. பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத வரி இது.

ஊஞ்சலுக்கு லாரி டயரைத் தொங்கவிடும் ஆசையும் கூடாது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், எட்டுப் பிள்ளைகள் ஏறலாம். ஆனால் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் ஆடி வரும்போது குறுக்கே ஓடும் மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்கக் கையேடும் கனமான டயரை ஊஞ்சலுக்கு வேண்டாம் என்கிறது. 8, 10 கிலோ கார் டயர் போதும்.

வண்ணம் பூசுவது தனிக் கலை. டயரின் மேற்பரப்புக்கு உள்ளிருந்து மெழுகும், முன்பு பார்த்த ஓசோன் தடுப்பியும் கசிந்து வந்துகொண்டே இருக்கும். வெகுநாள் கிடந்த டயரில் தெரியும் பழுப்புப் படலம் அதுதான். அதன் மேல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வளைந்தால் வெடிக்காத பெயின்ட்டாகப் பார்த்து மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். பிள்ளைகள் உரிந்த செதிலை வாயில் வைப்பார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்ட்டுக்கு அந்த விதி இல்லை. மலிவு என்று அதை வாங்கி வந்து அடித்துவிடக் கூடாது.

வெளிர் நிறம் வெயிலுக்கும் நல்லது. கறுப்பு ரப்பர் கோடை மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டும். அதே வெப்பத்தில் உள்ள இரும்புச் சறுக்குமரத்தைப் போல அது உடனே சுடாது, ஏனென்றால் ரப்பர் வெப்பத்தைக் கைக்கு மெதுவாகத்தான் கடத்தும். இருந்தாலும் சித்திரை வெயிலில் நிழலில்லாத டயரில் எந்தப் பிள்ளையும் உட்காராது. இருக்கும் வேப்பமரத்தையும் புங்கமரத்தையும் சுற்றித்தான் வரைபடமே போட வேண்டும்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டயர் எளிதில் பற்றாது, பற்றினால் எளிதில் அணையாது. எடைக்கு எடை நிலக்கரிக்குக் குறையாத வெப்பம் உள்ளே இருக்கிறது, வளையத்தின் வடிவம் காற்றைத் தேக்கி வைத்து ஊட்டுகிறது. வேல்ஸில் நைட்டன் ஊருக்கு அருகே 1989இல் பற்றிய டயர்க் குவியல் 15 ஆண்டுக்கும் மேலாக உள்ளுக்குள் கனன்றது. நமக்கு வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை, போகிப் புகை போதும். 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க வழி தெரியாமல் திரும்பிப் போயின. டயரை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் கெஞ்சுகிறது. பூங்காவில் டயர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, நடுவில் மணல்வெளி விட்டு வைப்பது இந்தப் பயத்துக்காக.

இவ்வளவு பொறியியலையும் செய்து முடித்த பிறகு, பிள்ளைகள் அதில் விளையாடுவார்களா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. டென்மார்க்கின் தோட்டக் கலைஞர் சோரன்சன் 1930களிலேயே இதைக் கவனித்தார். தான் அழகழகாக வடிவமைத்த இடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டிட வேலை நடக்கும் மனையில் போய்ப் பலகையும் கல்லுமாக விளையாடினார்கள். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப்பில் வேண்டாத பொருட்களையே கொட்டிவைத்து ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். உலகின் முதல் 'குப்பை விளையாட்டிடம்' அது. 1971இல் சைமன் நிக்கல்சன் இதற்குக் கோட்பாடு எழுதினார்: ஓர் இடத்தில் நகர்த்தக்கூடிய, மாற்றியடுக்கக்கூடிய பொருட்கள் எத்தனை இருக்கின்றனவோ, கற்பனைக்கு அவ்வளவு இடம். நம் நாட்டில், கரக்பூர் ஐஐடியில் கட்டிடக்கலை படித்த பூஜா ராய், விளையாட எதுவுமில்லாத பிள்ளைகளைக் கண்டு தொடங்கிய ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு பெங்களூருவிலிருந்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான டயர் விளையாட்டிடங்களைக் கட்டியிருக்கிறது. அந்தந்தப் பள்ளிப் பிள்ளைகளிடமே என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

நிக்கல்சன் சொன்னதை நம் தெருக்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டன. சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் இருந்தால் ஒரு மாலை நேரம் ஓடிவிடும். சுழலும் வளையம் சாய ஆரம்பித்தால், சாய்ந்த பக்கமே திரும்பித் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வேகம் குறைந்தால் கவிழும். எட்டு வயதில் குச்சியின் ஒரு தட்டில் இந்த இயக்கவியல் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே பூங்காவைப் புதுப்பிக்கும்போது எல்லா டயரையும் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டாம். ஸ்கூட்டர் டயர் பத்தும் கார் டயர் ஐந்தாறும் அவிழ்த்தபடியே கிடக்கட்டும். உருட்டட்டும், அடுக்கிக் கோட்டை கட்டட்டும், ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து வெளியே வரட்டும். ஒப்பந்தக்காரர் இதற்கு முகம் சுளிப்பார், ஏனென்றால் வேலை முடிந்ததற்கான புகைப்படத்தில் இவை அலங்கோலமாகத் தெரியும். பூங்காக் காவலருக்கும் தினமும் மாலை பொறுக்கி ஓரமாக வைக்கும் வேலை கூடும். பொறுக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே சளப்பென்று சத்தம் கேட்டால் அன்றைக்கே கவிழ்த்து, ஓட்டையில் அடைத்திருக்கும் இலையைக் குத்தி எடுத்துவிட வேண்டும்.